பதினேழாம் இலக்கக் கல்

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், முப்பது வருடமாக ஒரு றோட்டைத் திருத்தாமல் பார்த்துக்கொண்டேன் என்று சொல்வேன். கேட்டவர் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார். பகிடியே இல்லை. அதற்குத்தான் எங்கள் நகரசபை, இங்கே டெனிஸ் நாட்டில் கொம்யூன் என்போம், மாதா மாதம் எனக்குச் சம்பளம் தந்தது.

போன மாதம் ஆரணி தொலைபேசி எடுத்தாள். ஹேர்னிங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை, இப்போது கொம்யூனில் பழைய பாதைகளுக்குப் பொறுப்பான பொறியியலாளர்.

"அங்கிள், உங்கட றோட்டில இப்ப எலக்ட்ரிக் சைக்கிள் கூடிப்போச்சு. பள்ளம் எல்லாம் தேயுது. அதால துணி விரிச்சு மேல கிரவல் கல்லுப் போட்டுக் கொஞ்சக் காலம் மூடி வைக்கப் போறம். றோட்டு வேலையின்ர பழைய நாட்குறிப்பைப் பார்த்தன். இந்த முறையை முதல்ல பரிசோதிச்சது நீங்களாம். பதினாலு பேர் செய்தவையாம். யார் யோசிச்சது? எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு எழுதித் தாறீங்களா? புதுசா வாற ஆக்களுக்குக் காட்டோணும்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அடுப்படியில் நின்ற என் மனைவி பவளம், புரைக்கேறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீரோடு ஓடி வந்தாள். பரிசோதனையாம்! சரி, பிள்ளை கேட்டுவிட்டாள், உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

முதலில் அந்த றோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூட்லாந்துத் தீபகற்பத்தின் நடு முதுகு வழியே வடக்கிலிருந்து தெற்கே ஒரு பழைய பாதை போகிறது. ஹேர்வய் என்று டெனிஸ்காரர் சொல்லுவார்கள், படைகள் போன வழி என்று அர்த்தம். சில்க்போர்க்கிலிருந்து மேற்கே, ஊதாப் பூப் பற்றைகளுக்கு நடுவில் அதன் ஒரு துண்டு பாதுகாக்கப்பட்ட இடமாக இருக்கிறது. லண்டனில் இருக்கும் என் மச்சான் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "இதுவோ றோட்டு? எங்கட பக்கம் ரோமர் போட்ட றோட்டு இருக்கு. நூல் பிடிச்ச மாதிரி நேர்" என்றான். ரோமர் இங்கே வரவில்லை. இந்த றோட்டை ஒருவருமே போடவில்லை. சந்தைக்குச் சாய்த்து ஓட்டிப் போன மாடுகளும், வண்டிகளும், கோயிலுக்கு நடந்தவர்களும் ஆயிரம் வருடத்துக்கு மேல் மிதித்து மிதித்து மண் பள்ளமாகிப் போயிருக்கிறது. அந்தப் பள்ளம்தான் றோட்டு. அதை நிரப்பினால் றோட்டு இல்லை. இந்தச் சின்ன விசயம் என் மண்டையில் ஏற ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது.

நான் அந்த வேலைக்கு வந்த கதை நீளமில்லை. மொழிப் பள்ளி, காளான் பண்ணை, பிறகு ஹேர்னிங்கில் திரைச்சீலைத் தொழிற்சாலை. அங்கே இருக்கும்போது இருமல் பிடித்தது, விடவில்லை. டாக்குத்தர், இனி உள்ளே நின்று செய்யும் வேலை உனக்குச் சரிவராது, வெளிக்காற்றில் ஏதாவது பார் என்று எழுதித் தந்துவிட்டார். மொழியும் அரைகுறை, நெஞ்சும் அரைகுறை, என்னை யார் எடுப்பார்கள்? அந்தப் பழைய பாதையைப் பராமரித்து வந்த ஸ்வென் எடுத்தார். கொம்யூனில் அவருக்கு மேலே இருந்த பகுதித் தலைவர் வேண்டாம் என்று தலையாட்டியும், ஆறு மாதம் வைத்துப் பார்ப்போம் என்று பொறுப்பேற்று எடுத்தார். அந்த ஆறு மாதம் சறுக்கினால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. பவளம் அப்போது மூத்தவளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள்.

ஸ்வென் பனைமரம் போல உயரம், வாயில் சொல்லுக்குப் பஞ்சம். அவர் டெனிஸில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கு அவர் குரல் கேட்கும். முதல் நாள் என்னைப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போய், "கையைக் காற்சட்டைப் பைக்குள்ள வைச்சுக்கொள். இந்த வேலையில பாதி அதுதான்" என்றார்.

மற்றப் பாதிக்குச் சட்டங்கள் இருந்தன. பாதைக்குள் முளைக்கும் மரக்கன்றை வேரோடு பிடுங்கக் கூடாது, நிலத்தோடு ஒட்டக் கத்தரிக்க வேண்டும். வேர் வந்தால் அதோடு பழைய மண்ணும் வந்துவிடும். தள்ளுவண்டியைப் பலகை விரித்து அதன் மேல்தான் உருட்ட வேண்டும். பாதையோரம் ஏழு மர முளைகள் அடித்திருந்தன. சித்திரையிலும் ஐப்பசியிலும் குதிக்காலை முளையில் முட்டக்கொடுத்து நின்று, கமராவை நெஞ்சுக்கு நேரே பிடித்துப் படம் எடுக்க வேண்டும். கிழக்குக் கரையில் நாற்பத்தொரு கற்கள் கோணல்மாணலாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் இலக்கம் உண்டு. சில கற்கள் ஆட்டுக்குட்டியளவு, சில தேங்காயளவு.

கெட்ட செய்தி சொல்லுவதற்கும் ஸ்வென்னிடம் ஒரு முறை இருந்தது. கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றுவார். தள்ளுவண்டியின் விளிம்பில் வைப்பார். காப்பி ஊற்றுவார், அரைவாசி குடிப்பார். அதன் பிறகுதான் வாய் திறக்கும். இத்தனை சட்டமும் சொன்ன மனிதர், பள்ளத்தை நிரப்பாதே என்று மட்டும் சொல்லவில்லை. உலகத்தில் ஒருவன் அப்படிச் செய்வான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

இரண்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. "திங்கள் பத்து மணிக்கு கிர்ஸ்டன் வாறா. தொல்பொருள் பக்கத்துப் பெரிய ஆள். பாதையைப் பார்க்க" என்றார். அவ்வளவுதான். சனி ஞாயிறு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் மாவட்டத்துக்கே பெரியவரான அரசாங்க அதிபர் வருகிறார் என்றால் என்ன செய்வோம்? றோட்டுப் பள்ளத்தை நிரப்புவோம், கரையில் கல் அடுக்கி வெள்ளை அடிப்போம், தோரணம் கட்டுவோம். பெரிய ஆள் வந்து இந்தக் குண்டும் குழியும் பார்த்தால் ஸ்வென்னின் மரியாதை என்ன ஆவது? என்னை நம்பி எடுத்த மனிதர் ஆயிற்றே! நேரே நடராசா அண்ணைக்குப் போன் அடித்தேன்.

நடராசா அண்ணை ஊரில் பதினெட்டு வருடம் றோட்டு வேலைகளை மேற்பார்த்த ஓவசியர். இங்கே வந்து அதே திரைச்சீலைத் தொழிற்சாலையில் துணி வெட்டினார். மனிதர் ஒரு நாளும் துணியைப் பற்றிக் கதைத்ததில்லை. மதகு, கிரவல், தார், இவைதான் கதை.

"தம்பி, நீ ஒண்டுக்கும் யோசியாதை" என்றார். "ஞாயிறு சிரமதானம். ஆக்களை நான் கொண்டாறன். கிரவல் இருக்கோ?"

"கொம்யூன் டிப்போவில குவிஞ்சு கிடக்கண்ணை."

"பேந்தென்ன, கவலையை விடு!"

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாலு காரில் பதின்மூன்று பேர் வந்து இறங்கினார்கள், மண்வெட்டி, அலவாங்கு, புட்டுப் பானை சகிதம். நடராசா அண்ணை தொப்பி போட்டிருந்தார். பாதையைக் குனிந்து பார்த்து, "சீச்சீ, என்ன கோலத்தில வைச்சிருக்கிறாங்கள்" என்று தலையில் கை வைத்தார். சேற்று நிலத்தில் சும்மா கிரவல் போட்டால் சேறு விழுங்கிவிடுமாம். ஊரில் என்றால் ஓலை பரப்பி மேலே போடுவார்களாம். இங்கே ஓலைக்கு எங்கே போவது? அண்ணை கார் டிக்கியைத் திறந்தார். உள்ளே தொழிற்சாலையில் கழித்துவிட்ட திரைச்சீலைத் துணி, உருளை உருளையாக, மஞ்சள் பூப் போட்டது.

துணி விரித்தோம். கிரவல் போட்டோம். இருவர் இருவராக மண்வெட்டியால் இழுத்துச் சமப்படுத்தினோம். தள்ளுவண்டிக்குப் பலகை விரிக்கச் சொல்லி நான் கத்தினேன், சட்டம் சட்டம்தானே! பிறகு அண்ணை கரைப் பக்கம் பார்த்தார்.

"உதென்ன, கல்லு கண்டபடி கிடக்கு? நூலைக் கொண்டா."

நூல் பிடித்து நாற்பத்தொரு கல்லையும் பெயர்த்து நேராக அடுக்கினோம். தேவாலயச் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு வாங்கி வந்து வெள்ளை அடித்தோம். தோரணம் மட்டும் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக மறுத்துவிட்டேன். மூன்று மணிக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். றோட்டு கண்ணைப் பறித்தது. பவளம்கூட, "உங்களுக்கு இந்த முறை வேலை நிரந்தரம்தான் பாருங்கோ" என்றாள்.

திங்கள் காலை ஏழு மணிக்கு ஸ்வென் சைக்கிளில் வந்தார். இறங்கினார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"பாதை எங்கே?" என்றார்.

"இதுதான்" என்றேன், புது மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு.

அவர் கையுறையைக் கழற்றத் தொடங்கினார். சின்ன விரல், மோதிர விரல், நடுவிரல். ஐந்தாவது விரலுக்கு வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. காப்பி ஊற்றினார், அரைவாசி குடித்தார்.

"எத்தனை பேர்?"

"பதினாலு. என்னோட சேர்த்து."

"எத்தனை நாள்?"

"நேற்று மட்டும்."

"நான் ஆறு வருசமா இன்னொரு ஆள் தாங்கோ எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்று மிச்சக் காப்பியைக் குடித்தார். அது கோபமா பகிடியா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய், கிர்ஸ்டனுக்குப் போன் எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

கிர்ஸ்டன் பத்து மணிக்கு வரவேண்டியவர், எட்டரைக்கே வந்துவிட்டார். நரைத்த கட்டை முடி, முழங்காலில் தோல் தைத்த காற்சட்டை. என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படிப் பார்த்ததற்கு அடித்திருக்கலாம். முழந்தாளிட்டுக் கையால் கிரவலை வழித்தார். மஞ்சள் பூ தெரிந்தது.

"இதென்ன?"

"திரைச்சீலை" என்றேன்.

அவர் துணியின் ஒரு மூலையைத் தூக்கினார். கீழே பள்ளம், வண்டித் தடம், பழைய மண், எல்லாம் கிடந்தபடியே கிடந்தன. ஒரு கிரவல் கல்கூட உள்ளே போகவில்லை. அவர் குதிக்காலில் உட்கார்ந்து நெடுமூச்சு விட்டார். "துணி போட்டது யாருடைய யோசனை?" என்று கேட்டார். நடராசா அண்ணையின் பேரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பகுதித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, ஆறு மாதம் முடிய நீ போகலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவரில் பிழை இல்லை. அன்று இரவு பவளத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் குளியலறைக்குள் போய் நின்று அழுதேன்.

வியாழக்கிழமை கிர்ஸ்டனின் கடிதம் வந்தது. ஸ்வென் எனக்குச் சொல்லுச் சொல்லாக வாசித்துக் காட்டினார். செய்தவர்களே வந்து, தன் கண் முன்னால், கையால், எல்லாவற்றையும் பழையபடி ஆக்க வேண்டும். கடைசிக் கல்லும் தன் இடத்தில் திரும்ப வைக்கப்படும் வரைக்கும், அதற்குப் பொறுப்பான தொழிலாளி அதே பொறுப்பில் இருக்க வேண்டும். ஸ்வென் அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார். எனக்கு டெனிஸ் விளங்காது என்று நினைத்தாராக்கும் என்று நான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி பதினாலு பேர். நடராசா அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"பதினெட்டு வருசம் ஓவசியரா இருந்தனான்" என்றார். "ஒருத்தனும் எனக்குப் பள்ளத்தைத் திருப்பித் தா எண்டு சொன்னதில்லை."

"அண்ணை, மெல்ல. அவ பார்க்கிறா."

"பார்க்கட்டும். நான் என்ன களவோ எடுத்தனான்?"

கிரவலைக் கையால் அள்ளிக் கடகத்தில் போட்டோம். துணியை நாலு மூலையும் பிடித்துத் தூக்கினோம். கற்களைத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு கழுவினோம். எந்தக் கல் எங்கே கிடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய சோலி. ஆனால் நிலம் மறக்கவில்லை. கல் கிடந்த இடத்தில் புல் இல்லை, கல்லின் அடிவயிற்று அச்சு மண்ணில் அப்படியே இருந்தது. போன ஐப்பசியில் எடுத்த படத்தைப் பார்த்து, ஒவ்வொரு கல்லாகத் திருப்பித் திருப்பி அச்சில் பொருத்தினோம். பொருந்தும்போது கல் ஆடாது, அப்படியே அமர்ந்துவிடும். பத்தாவது கல்லுக்குப் பிறகு நடராசா அண்ணைக்கே அதில் ருசி பிடித்துவிட்டது. "இல்லையில்லை, மூக்கு வடக்க பார்க்கோணும்" என்று கிர்ஸ்டனுக்கே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் தலையாட்டினார். மத்தியானம் வடையும் சாப்பிட்டார்.

ஸ்வென் மட்டும் சாப்பிட்ட கையோடு போய்விட்டார். சைக்கிள் கூடையில் காப்பிப் பையை வைத்து, கொஞ்சம் தள்ளாடித் தள்ளாடி ஓட்டிக்கொண்டு போனார். அவருக்கு அன்று வடை உறைத்துவிட்டது என்று பேசிக்கொண்டோம்.

பின்னேரம் எண்ணினோம். நாற்பது. இன்னொரு தரம் எண்ணினோம். நாற்பது. பதினேழாம் இலக்க அச்சில் மட்டும் கல் இல்லை. தேங்காயளவு சின்னக் கல். பற்றைக்குள் தேடினோம், கிரவலைக் கிளறினோம், கார்களின் டிக்கியையும் கிர்ஸ்டன் திறந்து பார்த்தார். காணவில்லை.

ஆறு மாதம் முடிகிற நாள், ஸ்வென் ஏதோ தாளோடு பகுதித் தலைவரின் அறைக்குள் போனார். பத்து நிமிடத்தில் வெளியே வந்து, "நீ வேலையில நிக்கிறாய்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கன்று கத்தரிப்பதில் என் கைவண்ணம் பிடித்துவிட்டது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துப் பவளத்திடம் பெருமையடித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் முளையில் குதிக்காலை வைத்துப் படம் எடுக்கிற நாளில் ஸ்வென் கேட்பார்.

"பதினேழு?"

"இன்னும் இல்லை."

"தேடு."

தேடினேன் ஐயா, தேடினேன்! முதல் சந்தேகம் நடராசா அண்ணை மேல். அவர் மனைவி மிளகு இடிக்க ஒரு உருண்டைக் கல் வைத்திருந்தார். தேநீர் குடிக்கிற சாட்டில் அடுப்படிக்குள் போய், கல்லைத் திருப்பிச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்த்தேன். அண்ணை பின்னால் நின்றார். "டேய், என்னைக் கள்ளன் எண்டு நினைக்கிறியோ?" என்று கேட்டவர், பிறகு ஒன்றரை வருடம் என்னோடு கதைக்கவில்லை. அடுத்து, வெள்ளை அடித்த கல்லை யாராவது கொண்டுபோய் வைரவர் சாமியாக்கிவிட்டார்களோ என்று நினைத்து, போகிற வீடெல்லாம் சாமியறையில் அளவுக்கு மிஞ்சிக் குனிந்து கும்பிட்டேன். சனம் என்னைப் பெரிய பக்திமான் என்று கதைத்தது. ஸ்வென் ஓய்வு பெற்ற நாளிலும், எல்லோரும் கேக் தின்றுகொண்டிருக்க, என் காதுக்குள் குனிந்து "பதினேழு?" என்றார். மூன்று வருடத்துக்கு முன் நான் ஓய்வு பெற்றபோது அந்த ஒரு கவலையோடுதான் டிப்போப் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆரணி போன் எடுத்த மறுநாள், விசயத்தைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று ஸ்வென்னிடம் போனேன். சில்க்போர்க்கில் ஏரியைப் பார்த்தபடி முதியோருக்கான வீடு. ஓய்வுக்குப் பிறகு பத்து வருடம் அவர்தான் என் வீட்டுக்கு வருவார், அண்மையில் கால் நோவு வந்த பிறகு வெளியே வருவதில்லை. நான் அங்கே போனது அதுதான் முதல் தரம். ஆரணி சொன்னதைச் சொன்னேன். "நாட்குறிப்பில பரிசோதனை எண்டு எழுதியிருக்கிறீங்கள்!" என்றேன்.

"பரிசோதனைதானே. வெற்றி" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல்.

பல்கனிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு கல் வைத்திருந்தார். தேங்காயளவு. என் கண் அதில் விழுந்தது, பார்வையை எடுக்க முடியவில்லை. எழுந்து போய்க் குனிந்தேன். கல்லின் ஒரு மடிப்புக்குள் இன்னும் கொஞ்சம் வெள்ளைச் சுண்ணாம்பு.

"ஸ்வென். பதினேழு!"

"ஓம்" என்றார்.

"எப்ப தொடக்கம்?"

"அந்த ஞாயிறு தொடக்கம். காப்பிப் பைக்குள்ள வைச்சுக் கொண்டுவந்தன். சைக்கிள் ஒரு பக்கம் இழுத்துது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இத்தனை வருசம் நான் நாய் மாதிரித் தேடினனான்! நடராசா அண்ணையின்ர அடுப்படியில போய் அவமானப்பட்டனான்! வருசா வருசம் நீங்களே கேட்டீங்களே, வெக்கமில்லையா?"

அவருக்குக் கழற்றக் கையுறை இல்லை. வெறும் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். காப்பி ஊற்றினார், அரைவாசி குடித்தார்.

"கடிதம் ஞாபகம் இருக்கோ? கடைசிக் கல்லும் வைக்கும் வரைக்கும் பொறுப்பான தொழிலாளி இருக்கோணும் எண்டு."

"இருக்கு."

"கடைசிக் கல்லு வரயில்லை. உன்னை வேலையால அனுப்பப் பகுதித் தலைவருக்கு ஏலாமப் போச்சுது."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வேரைக்கூட அசைக்க விடாத மனிதர். பாதையில் கூழாங்கல்லை உதைத்த பள்ளிக்கூடப் பிள்ளையைத் திருப்பிக் கூட்டி வந்து அதை எடுத்து வைக்கச் சொன்ன மனிதர். எனக்குக் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"நாற்பது வருசத்தில அந்தப் பாதையில இருந்து நான் எடுத்தது அது ஒண்டுதான்" என்றார். பிறகு கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "இப்ப உனக்குப் பென்சன் வந்திட்டுது. கொண்டுபோய் வை."

கல்லைக் காரில் வைத்துக்கொண்டு நேரே நடராசா அண்ணை வீட்டுக்குப் போனேன். எண்பத்தைந்து வயது, காது கொஞ்சம் மந்தம். எல்லாவற்றையும் சொல்லி, அண்ணை மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வா போவம்" என்று தொப்பியை எடுத்தார்.

பதினேழாம் இடத்தில் புல் மூடியிருந்தது. கையால் விலக்கினோம். ஆரணியும் படத்தோடு வந்து நின்றாள். கல்லை நான் வைத்தேன், ஆடியது. அண்ணை ஆரணியின் தோளைப் பிடித்து மெல்லக் குனிந்து, கொஞ்சம் வடக்கே திருப்பினார். அமர்ந்துவிட்டது. வரிசையில் மற்றக் கற்களைப் போலவே அதுவும் கோணலாகத்தான் இருந்தது.

அண்ணை நிமிர்ந்து அந்த வரிசையை நெடுநேரம் பார்த்தார். அவர் சட்டைப் பைக்குள் ஒரு நூல் உருண்டை தெரிந்தது. கை இரண்டு தரம் பைப் பக்கம் போனது. பிறகு இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "சரி, போவம்" என்றார்.